ஒன்பது திங்கட்கிழமைகள்

அவர் பேசியதில் பாதிக்கு மேல் இரண்டே சொற்கள்தான்: "ம், அப்பறம்?"

ஒரு காரியம் முடியாது என்பதற்கு நீங்கள் எத்தனை காரணம் சொன்னாலும் குறுக்கே பேச மாட்டார். தலையைச் சற்றே சாய்த்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்வார். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தும்போது, "ம், அப்பறம்?" என்பார். இன்னும் ஏதாவது இருந்தால் சொல்லிவிடு, மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஒரு மாலையில் கண்டாக்கையாவிடம் அவர் அதைப் பதினொரு முறை சொன்னதை நான் எண்ணியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் தொரைக்கு அடுத்தபடி மலை வேலைகளையெல்லாம் பார்க்கிறவர் கண்டாக்கையா. பன்னிரண்டாவது காரணம் கண்டாக்கையாவிடம் இல்லை.

அது தகரத்துக்காக நடந்த பேச்சு. கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவின் ஒற்றையறைக் காம்பராவில் கூரைத் தகரம் ஓட்டையாகி மழை நேரே அடுப்பில் விழுந்துகொண்டிருந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகாமல், வெறுங்கூடையோடு ஆபீசுக்கு முன்னால் வந்து நிற்பார். கத்தவில்லை, கும்பிடவில்லை, யாரையும் கூட்டி வரவுமில்லை. இடுப்பில் சாக்குப் படங்கு, தலையில் கம்பளி. படியிலிருந்து நாலடி தள்ளி, கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நிற்பார். விளக்கேற்றும் நேரத்தில் போய்விடுவார். மறுநாள் அதே இடம். பதினான்கு மாலைகள் இப்படி. பதினைந்தாவது மாலை கண்டாக்கையாவே வெளியே வந்தார்.

"இந்தா, நீ இங்க நிக்கிறது தொரை கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. வீட்டுக்குப் போ."

"போறேங்க. தகரம்?"

அதற்குத்தான் அந்தப் பதினொரு காரணங்கள். இரண்டு நாளில் தகரம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. அடுத்த காம்பராக்காரி அதிசயப்பட்டு, "ரெண்டா கேட்ட நீ?" என்றாள்.

"என் பக்கம் மட்டும் போட்டா ஒழுகற தண்ணி ஒன் பக்கம் வந்துருமேடி" என்றார் அவர்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய மகள் இருக்கிறார். அம்மாவின் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார். பெயர் இல்லாமலே எழுதிவிட முடியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தோட்டத்தில் "நிக்கிறாங்களே, அவங்க" என்றால் எல்லோருக்கும் ஆள் தெரியும்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசிரியர் நான். ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள், ஒழுகாத மூலைகள் இரண்டு. நானும் வேறொரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழும் ஒரு கைக்கடிகாரமும் வந்த பிறகு, நேரத்தைப் பற்றி எனக்கொரு பிடிவாதம் வந்திருந்தது. ஒன்பது மணிக்கு மணி அடிப்பேன். வரவு இடாப்பை மூடுவேன். ஒன்பது ஒன்றுக்கு வந்த பிள்ளையும் வகுப்பில் உட்காரலாம், பாடம் கேட்கலாம். ஆனால் இடாப்பில் அன்று சிவப்பு மைக் கோடுதான். இந்த ஒழுங்கை நான் பெருமையாக நினைத்தேன்.

பள்ளிக்கூடம் இருந்தது பெரிய கணக்கு என்று நாங்கள் சொல்லும் தோட்டப் பிரிவில், தொழிற்சாலைக்குப் பக்கத்தில். எதிர்மலையில் சின்னக் கணக்கு: இரண்டு லயம், இருபத்து நான்கு காம்பரா. அவர் அங்கே இருந்தார். இரண்டு மலைக்கும் நடுவே தெனிய. சிங்களச் சொல்தான், பள்ளத்தில் நீர் ஊறிக் கிடக்கும் சேற்று நிலத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மேலே நின்று பார்த்தால் பச்சைப் புல்வெளி போலிருக்கும். கோரை அவ்வளவு நெருக்கம். கால் வைத்தால் பத்தடி தூரத்துக்குத் தரையே ஆடும். அடுத்த அடியில் முழங்கால் உள்ளே போகும். அட்டைகளை நான் எண்ண முயன்று கைவிட்ட ஒரே இடம் அது. அதன் குறுக்கே எட்டு வைத்து நடந்தால் நூற்று நாற்பது எட்டு. யாரும் அதில் இறங்கியதில்லை. ரோட்டு வழியாகச் சுற்றினால் மூன்று மைல். மழைக்காலத்தில் நடுவே ஒரு ஆறு ரோட்டை மூடிவிடும்.

அதனால் சின்னக் கணக்கிலிருந்து வர வேண்டிய ஏழு பிள்ளைகள் ஆனி, ஆடியில் பெரும்பாலும் வருவதில்லை. ஏழு பேரில் மூத்தது அவருடைய மகள். பத்து வயது முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் கண்டாக்கையா வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. பத்து வயது முடிந்த பிள்ளை மாதத்துக்குப் பதினெட்டு நாளாவது பள்ளிக்கூடம் வந்தால் படிக்கட்டும் என்று விட்டுவிடுவார். ஒரு நாள் குறைந்தாலும் செக்ரோல் என்னும் வேலைப் பேரேட்டில் பேர் பதிந்து மலைக்கு அனுப்பிவிடுவார். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை எழுதிக் கொடுப்பவன் நான்.

ஐம்பத்து நான்காம் வருடம், வைகாசி தொடங்கியபோது, ஒரு பின்னேரம் அவர் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, ஒரு அளவு வேணும்."

"எதுக்கு அக்கா?"

"தெனியவுக்கு. எங்க எங்க எவ்வளவு ஆழம்னு. நீங்க அளந்து சொன்னா நான் பாதை போட்டுருவேன். மகள் அஞ்சாவது பாஸ் பண்ணணும். அதுக்கு முந்தி அவ பேரு செக்ரோலுல ஏறக்கூடாது."

நான் சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கல்லைப் போட்டால் சேறு விழுங்கிவிடும் என்றேன்.

"ம், அப்பறம்?"

பலகைக்கு எங்கே போவது என்றேன். அட்டை என்றேன். பாம்பு என்றேன். தொரை சம்மதிக்க வேண்டும் என்றேன்.

"ம், அப்பறம்?"

ஐந்தோடு நானும் தீர்ந்துபோனேன்.

"கல்லு வேண்டாம், பலகை வேண்டாம். மிலாறு போடலாம்" என்றார்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகள்தான் மிலாறு. லயத்து அடுப்புகளுக்கு அதுதான் விறகு. வேலை முடிந்து வரும் பெண்கள் தலைக்கொரு கட்டு கொண்டுவந்து, மழைக்காலத்துக்கென்று காம்பராவுக்குள்ளே கூரை வரை அடுக்கி வைப்பார்கள். முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்தக் கிளைகளைக் கட்டுக்கட்டாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சேறு விழுங்காது என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரிதான். தவறு என் கணக்கில் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, அங்குலம் குறித்த மூங்கிலோடு தெனியவில் இறங்கினேன். இருபத்தெட்டு இடத்தில் அளந்தேன். மிக ஆழமான இடம், நடுவில் பன்னிரண்டு எட்டுத் தூரம், இரண்டடி இரண்டு அங்குலம். "மூணடி உயரத்துக்குப் போடுங்க அக்கா, போதும்" என்று தாளில் எழுதியே கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அடுத்த இருபத்து நான்கு நாளும் மாலையில் மிலாறு இறங்கியது. முதல் ஐந்து நாள் அவரும் மகளும் மட்டும். லயத்து வாசலில் நின்று மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கேலி செய்தாள்.

"வெறக சேத்துல கொட்டுறவள இப்பத்தான் பாக்குறேன். மழைக்கு எதை எரிப்ப? ஒன் கூந்தலையா?"

"ஒங்க வூட்டு அடுப்பு எரியுமில்ல, அங்க வந்து குந்திக்கிறேன்."

"தெனியவுல ரோதைமுனி நடக்குமாம்டி. அது வழியில கட்டையப் போடுறியே."

தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் சாமி ரோதைமுனி. வருடா வருடம் சேவல் அறுத்துக் கும்பிடுவார்கள்.

"போட்டா முனிக்கும் நடக்க வசதியாத்தானே இருக்கும்" என்றார் அவர்.

ஆறாம் நாள் அந்தக் கேலிக்காரியே ஒரு கட்டு மிலாறைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் சேற்றில் எறிந்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு கட்டு. வேலை நாட்களின் மாலையும் ஞாயிற்றுக்கிழமைகளின் காலையும் போட்டார்கள். திங்கள் மாலை வந்து பார்த்தால் மட்டும் சில கட்டுகள் இடம் மாறிக் கிடக்கும். காட்டுப்பன்றி என்று சொல்லி, திருப்பி அடுக்கினார்கள். நானும் பன்றி என்றே சொன்னேன். ஏன் திங்கட்கிழமை மட்டும் பன்றி வருகிறது என்று, எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை பாதை திறந்தது. எட்டரை மணிக்கு நான் இந்தக் கரையில் கடிகாரத்தோடு நின்றேன். மழை. எதிர்க்கரையில் ஏழு பிள்ளைகளும் அவரும். அவர் முன்னால் நடந்தார். நடுவே போனதும் நின்றார். அந்தப் பன்னிரண்டு எட்டும் மிதந்துகொண்டிருந்தது. கட்டுகள் தண்ணீரில் புரண்டன. கால் வைத்தால் உருண்டன.

காரணம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. தொழிற்சாலைச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவரிடம் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஏன் வாத்தியாரே, தெனிய தண்ணிதானே கீழ அணைக்கட்டுக்கு வந்து நம்ம ரோதைய சுத்துது? ஞாயித்துக்கெழம கொழுந்து இல்ல. மத்தியானத்தோட ரோதைய நிப்பாட்டி மதகை மூடிருவோம். தண்ணி எங்க போவும்? மேலதான் ஏறும். திங்கக்கெழம பத்து மணிக்குக் கொழுந்து வந்து மதகைத் திறந்தா, பதினோரு மணிக்கு இறங்கிரும்."

மற்ற நாட்களில் இரவும் பகலும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும்; தெனியவும் தாழ்ந்தே இருக்கும். கோரை மூடியிருப்பதால் ஏறுவது யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த திங்கள் காலை போய் அளந்தேன். ஒரு அடி நான்கு அங்குலம் கூடுதல்.

இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் பயிற்சிக் கல்லூரியில் படித்தது கொழும்புக்குத் தெற்கே, கடலோரப் புறநகர் ஒன்றில். விடுதிக்குப் பின்னால் ஒரு சிறிய குடா. அதன் கரையில் கண்டல் மரங்கள் நிற்கும் சதுப்பு. தினமும் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஜன்னலில் உட்கார்ந்து நேரம் குறித்து வைத்திருக்கிறேன், ஒரு கொப்பி நிறைய. சதுப்பை ஒரு முறை மட்டும் அளக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டிய ஆள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். அங்கே கடலுக்குக் கட்டுப்பட்டது, இங்கே தொழிற்சாலைக்கு. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் அந்த முதல் திங்கள் காலையில் இதெல்லாம் தெரியாது. நடுவில் நின்றவர் திரும்பிப் போவார் என்று எதிர்பார்த்தேன். "திரும்பிப் போங்க அக்கா, உருளுது" என்று கத்தினேன்.

அவர் தண்ணீருக்குள் இறங்கினார். ஒரு நீளக் கழியைச் சேற்றில் ஊன்றினார். உருளும் கட்டின் மேல் இரண்டு காலையும் அழுத்தி வைத்து, கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பளவு நீர். அவருடைய கனத்தில் அந்த இடம் அமிழ்ந்து, அசையாமல் நின்றது. "வாங்க. ஒவ்வொருத்தரா. என் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு" என்றார். ஒரு பிள்ளை தாண்டியதும் நாலடி நகர்ந்து அடுத்த கட்டின் மேல் நிற்பார். மறுபடி முதலிடத்துக்கு வருவார். ஏழு பிள்ளைகள், ஏழு முறை.

நான் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நாற்பத்தொன்று. எட்டு நாற்பத்தேழு. எட்டு ஐம்பத்திரண்டு. கடைசிப் பிள்ளை அவருடைய மகள். ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கரையேறினாள். மணி அடித்தேன், இடாப்பை எடுத்தேன், ஏழு பேருக்கும் வரவு போட்டேன். அன்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் மகள் வராவிட்டால் மாதத்துக்கு நாலு நாள் போகும். விடுமுறைகளும் கழிந்தால் பதினெட்டு எட்டாது. எனவே ஒவ்வொரு திங்களும் அவர் தண்ணீரில் நின்றார். காலை ஆறு மணிப் பெரட்டுக்கு வேலைக்காரர்கள் அணிவகுக்கும்போது அவர் இருக்க மாட்டார். பிந்திப் போனால் கண்டாக்கையா திருப்பி அனுப்பிவிடுவார். திங்கள்தோறும் வேலை போயிற்று. வீட்டில் காய்ந்த விறகும் இல்லை. நனைந்த சேலையோடு போய், பச்சை விறகை ஊதிக்கொண்டிருப்பார் என்று மகள் சொன்னாள்.

மூன்றாம் திங்கள் அந்தக் கேலிக்காரியும் பெரட்டை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அவர் விரட்டிவிட்டார். "ஒனக்கு மூணு சின்னஞ்சிறுசு இருக்கு. இனிமே நீ பெரட்டுக்குப் போ. ரெண்டு பேரு நின்னா தண்ணி என்ன கொறையவா போவுது?"

நாலாம் திங்கள் கண்டாக்கையா குதிரையில் வந்து இந்தக் கரையில் என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு நிப்ப?" என்று கத்தினார்.

"மிலாறு ஊறி அடங்கற வரைக்குங்க."

"அது ஆறு மாசம் ஆகும். நெஞ்சுல சளி கட்டும். செத்துப் போவ."

"ம், அப்பறம்?"

கண்டாக்கையா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதம் ஆகவில்லை. காய்ந்த மிலாறு நீரைக் குடித்துக் கனத்தது. மலையிலிருந்து வந்த மழைச் சேறு இடுக்குகளில் படிந்தது. கோரை வேர் உள்ளே நுழைந்து பின்னிக்கொண்டது. ஒன்பதாவது திங்கள், ஆகஸ்ட் லீவுக்கு முந்தின வாரம். அவர் நடுவில் போய் நின்று, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மறுகாலை. கட்டு எழவில்லை. மேலே வந்து ஒதுங்கி நின்றார். கணுக்கால் நீரில் ஏழு பிள்ளைகளும் வரிசையாக, யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தார்கள். எட்டு முப்பத்தெட்டு. எட்டாவதாக அவரும் வந்தார். பாதை வழியாகப் பள்ளிக்கூடக் கரைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கால்கள் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன. வலது காலில் மட்டும் நாலு அட்டை.

"அளவு பிழை என்னோடது அக்கா" என்றேன். ஒன்பது வாரமாக அதைச் சொல்ல நினைத்திருந்தேன்.

"அளந்தது நீங்க, நம்பினது நானு. ஆளுக்குப் பாதி."

இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. பிள்ளைகள் முற்றத்தில் ஓடின. நான் கையில் இருந்த இடாப்பைத் திறந்து, ஜூன் மாதத்துத் திங்கட்கிழமைகளைப் பார்த்தேன். என் கையெழுத்து. சிவப்புக் கோடு விழாத வரவுகள். யாரும் எனக்குக் கட்டளையிடாத, நானே போட்டுக்கொண்ட ஒன்பது மணி. அப்போதுதான் அது என் மண்டையில் ஏறியது.

"அக்கா... திங்கக்கெழம மட்டும் நான் இடாப்ப பதினோரு மணிக்கு மூடியிருந்தா..."

"தெரியுங்க."

"தெரியுமா? எப்ப?"

"ரோதைக்காரரு ஒங்ககிட்ட சொன்னத எங்கிட்டயும் சொன்னாரு. தண்ணி பதினோரு மணிக்கு இறங்கிருமாமே. அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல? கேட்டிருந்தா செஞ்சிருப்பேனே!"

"செஞ்சிருப்பீங்க. அதனாலதான் கேக்கல." அவர் குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். "பதினோரு மணிக்கு வந்தா போதும்னு நீங்க சொல்லிட்டா, நானும் இந்த மிலாற விட்டிருப்பேன். எல்லாரும் விட்டிருப்பாங்க. நீங்க நல்லவருதான், வாத்தியாரய்யா. ஆனா ஒங்களுக்கு மாத்தல் வரும்."

நான் இடாப்பை மூடினேன்.

"மிலாறுக்கு மாத்தல் வராதுல்ல" என்றார். பாதையில் இறங்கித் திரும்பி நடந்தார். அன்றும் பெரட்டுக்கு நேரம் கடந்திருந்தது.

மகளின் பெயர் அந்த வருடம் செக்ரோலில் ஏறவில்லை. அடுத்த வருடம் ஐந்தாவது தேறினாள். எனக்கு ஐம்பத்தேழில் உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றல் வந்தது. போவதற்கு முன் பாதையை ஒரு தடவை எண்ணி நடந்தேன். நூற்று நாற்பது எட்டுத்தான். அவர் சின்னக் கணக்குக் கரையில் நின்றார். கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அறுபத்து மூன்றில் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்று, "சார், தெனிய" என்றாள். ஒரு தையல் கடையில் வேலை என்றாள். அம்மா நன்றாக இருப்பதாகவும், இப்போது லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு ஆபீசுக்கு முன்னால் நிற்பதாகவும் சொன்னாள். எத்தனையாவது நாள் என்று கேட்டேன். அவள் எண்ணவில்லை.

எனக்குப் பிறகு வந்த ஆசிரியரைப் பற்றிக் கேட்டேன்.

"அவரு ரொம்ப கண்டிப்பு சார். எட்டரைக்கே இடாப்ப மூடிருவாரு."

"அப்ப சின்னக் கணக்குப் பிள்ளைங்க? திங்கக்கெழம?"

"எட்டு இருபதுக்கே வந்துருவாங்க சார்" என்றாள் அவள்.